படைத்தலைவர் பரஞ்சோதியின் பணிக்குறிப்பு

முன்னுரை

அரசுப் பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பணிப்பதிவேடு உண்டு. பிறந்த ஊர், கல்வி, பணியில் சேர்ந்த நாள், வகித்த பதவிகள், ஓய்வு ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். கதையில் வரும் ஒரு படைத்தலைவருக்கு இத்தகைய பதிவேட்டை எழுத முடியுமா?

ஆங்கில வாசகர்கள் இதை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். கோனன் டாயில் படைத்த டாக்டர் வாட்சன் படை மருத்துவர். 1880-இல் ஆப்கானிஸ்தானத்தில் நடந்த மைவாந்த் போரில் அவர் காயமுற்றதாக முதற்கதை கூறுகிறது. அதில் குண்டு பாய்ந்தது தோளில். அடுத்த கதையில் காயம் காலில் இருக்கிறது! இம்முரண்பாட்டை விளக்க எத்தனையோ பேர் கட்டுரை எழுதிவிட்டனர். வேடிக்கை போலத் தோன்றினாலும், ஒரு நூலை வரிவரியாகக் கூர்ந்து படிப்பதற்கு இது நல்ல பயிற்சி.

தமிழில் இப்பயிற்சிக்கு ஏற்றவர் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' புதினத்தில் வரும் பரஞ்சோதி. வாட்சன் முழுக் கற்பனை. பரஞ்சோதியோ பெரியபுராணத்திலிருந்து புதினத்துக்கு வந்தவர். ஆகவே அவருடைய பணிக்குறிப்பில் எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்று பிரித்தறிவது விளையாட்டோடு நிற்பதில்லை. அதில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றிக்கொண்டு தேவாரத்தின் காலமே நிற்கிறது.

பிறப்பும் கல்வியும்

பிறந்த ஊர் திருச்செங்காட்டங்குடி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. இதில் சேக்கிழாருக்கும் கல்கிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கல்வி என்று வரும்போதுதான் இருவரும் பிரிகின்றனர்.

சேக்கிழார் காட்டும் பரஞ்சோதியார் மாமாத்திரர் குலத்தவர், ஆயுள்வேதம் கற்றவர், வடமொழிக் கலைகளில் தேர்ந்தவர், படைக்கலப் பயிற்சியும், யானை, குதிரை ஏற்றமும் நிரம்பப் பெற்றவர். அதாவது, அரசனிடம் வரும்போதே அவர் முழுப் பயிற்சி பெற்ற அதிகாரி.

கல்கி இதைத் தலைகீழாக மாற்றிவிட்டார். அவருடைய பரஞ்சோதி கல்வி கற்பதற்காகக் காஞ்சிக்கு நடந்து வரும் கிராமத்து இளைஞன். நாவுக்கரசரின் மடத்தில் படிக்கவேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். வந்த அன்றே மதங்கொண்ட யானைமீது வேலை எறிகிறான். படிப்பு நின்றுபோகிறது, வாழ்க்கை திசைமாறுகிறது. புதினத்தின் நான்கு பாகங்களில் முதற்பாகத்துக்கே 'பரஞ்சோதி யாத்திரை' என்று பெயர்.

இம்மாற்றத்துக்குக் காரணம் உண்டு. அடியாரின் பெருமையைச் சொல்ல வந்த சேக்கிழாருக்கு நிறைந்த மனிதர் வேண்டும். வாரந்தோறும் வாசகனை அழைத்துச் செல்லவேண்டிய கல்கிக்கு வளர்கின்ற மனிதன் வேண்டும். 1944 முதல் 1946 வரை தொடர்கதையாக வந்த புதினத்தில், வாசகன் பரஞ்சோதியின் கண்கள் வழியாகவே காஞ்சியை முதன்முதலில் காண்கிறான்.

பதவி உயர்வு

படையில் அவர் படிப்படியாக உயர்ந்த வரலாற்றை அறியப் புதினம் ஒன்றே வழி. ஓலை கொண்டு வடக்கே செல்லும் தூதன், சளுக்கியரிடம் அகப்பட்ட கைதி, மகேந்திர பல்லவரின் நம்பிக்கைக்கு உரியவன், காஞ்சிக் கோட்டைத் தளபதி, இறுதியில் சேனாதிபதி என்று அது வளர்கிறது. சேக்கிழார் இவற்றில் ஒன்றையும் கூறவில்லை. அரசனுக்கு அணுக்கராகிப் பல போர்களில் வென்றார் என்ற அளவோடு நின்றுவிடுகிறார்.

ஆனால் கல்கி வெறும் காற்றில் கோட்டை கட்டவில்லை. புதினத்தில் வரும் புள்ளலூர்ச் சண்டையை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. போர் செப்பேட்டில் இருக்கிறது. அப்போரில் பரஞ்சோதியை நிறுத்தியது கல்கியின் கற்பனை. பதிவேட்டின் இப்பகுதி முழுவதையும் இவ்வாறே பிரித்துப் படிக்கவேண்டும்.

வாதாபி

பணிக்குறிப்பின் உயிர்நாடி இதுதான். பரஞ்சோதியார் அரசனுக்காகப் படை நடத்திச் சென்று, வடபுலத்து வாதாபி நகரை அழித்து, மணிகளையும் நிதிக்குவியல்களையும் யானை, குதிரைகளையும் கொண்டுவந்தார் என்கிறார் சேக்கிழார். அந்த அரசன் யார் என்று பெயர் சொல்லவில்லை.

பெயரைத் தருபவை பல்லவர் ஆவணங்கள். முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை முறியடித்ததைக் கூரம் செப்பேடு கூறுகிறது. வாதாபி என்னும் அசுரனை அழித்த அகத்தியருக்கு அவனை ஒப்பிட்டுப் போற்றுகிறது உதயேந்திரம் செப்பேடு. பண்டைய வாதாபியாகிய இன்றைய பாதாமியில், சிதைந்த நிலையில் அவனுடைய கல்வெட்டும் உள்ளது. வாதாபி வீழ்ந்தது கி.பி. 642 அளவில் என்பது வரலாற்றாசிரியர் கொள்கை.

இச்செப்பேடுகள் பரஞ்சோதியின் பெயரைக் கூறவில்லை. சேக்கிழார் நரசிம்மனின் பெயரைக் கூறவில்லை. இரண்டையும் இணைக்கும் ஆணி வாதாபி என்ற ஊர்ப்பெயர் ஒன்றே.

இந்த இணைப்பால் விளைந்த பயன் பெரிது. போருக்குப்பின் சிறுத்தொண்டர் எனப் பெயர்பெற்ற பரஞ்சோதியாரைத் திருஞானசம்பந்தர் தம் செங்காட்டங்குடிப் பதிகத்தில் பெயர் சுட்டிப் பாடியுள்ளார். எனவே வாதாபிப் போரின் காலம் தெரிந்தால் சம்பந்தரின் காலம் தெரியும். சம்பந்தர் காலம் தெரிந்தால் அவரோடு வாழ்ந்த நாவுக்கரசரின் காலமும் தெரியும். கல்வெட்டறிஞர் வெங்கையா முதலியோர் இவ்வழியில் சென்றே இருவரையும் ஏழாம் நூற்றாண்டில் நிறுத்தினர். ஒரு படைத்தலைவரின் பணிக்குறிப்பில் உள்ள ஒற்றை வரி தமிழிலக்கிய வரலாற்றுக்கு அடிக்கல் ஆயிற்று!

வாதாபியிலிருந்து விநாயகர் திருவுருவத்தைக் கொண்டுவந்தவர் அவரே என்று திருச்செங்காட்டங்குடிக் கோயில் மரபு கூறுகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனையால் வாதாபி கணபதியை அறியாதார் இல்லை. ஆனால் சேக்கிழார் அடுக்கும் வெற்றிப் பொருள்களில் விநாயகர் இல்லை. மரபை மரபாகப் போற்றலாம். பெரியபுராணத்தின்மேல் ஏற்றுதல் கூடாது.

விடுவிப்பு

ஓய்வில் இரு நூல்களும் மீண்டும் கைகோக்கின்றன: வெற்றிக்குப்பின் வாளைத் துறக்கிறார். பெரியபுராணத்தில் அதற்குரிய காட்சி உருக்கமானது. அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன் நடுங்குகிறான். இறைவன் தொண்டரைக் கொடிய போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று பிழைபொறுக்க வேண்டுகிறான். தம் மரபுக்குரிய தொழிலைத்தானே செய்தேன், இதில் தீங்கென்ன என்கிறார் பரஞ்சோதியார். மன்னன் பெருநிதி அளித்து அவரை விடுவிக்கிறான். ஊர் திரும்பிய அவர் திருவெண்காட்டு நங்கையாரோடு இல்லறம் நடத்தி, அடியார்க்கு அமுதூட்டி வாழ்கிறார்.

அவர் தந்த மறுமொழியைக் கவனிக்கவேண்டும். படைத்தொழில் அவருக்குக் குலவழி வந்த கடமை என்பதற்குப் பெரியபுராணத்திலேயே உள்ள சான்று அது. தற்செயலாகப் படைக்குள் வந்த இளைஞன் என்பது கல்கியின் படைப்பே என்பதும் இதனால் உறுதியாகிறது.

முடிவுரை

கதை நாயகரையும் வரலாற்று மனிதரையும் ஒரே உருவில் காண்பது மக்களின் இயல்பு. கோம்பையிலும் உத்தமபாளையத்திலும் கர்னல் பென்னிகுயிக்கைப் பற்றி வழங்கும் கதைகள் எத்தனை! 1841-இல் புனேயில் பிறந்தது, சென்னைப் பொறியாளர் படையில் பணியாற்றியது, 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டது ஆகியவை பதிவேட்டு வரிகள். மனைவியின் நகைகளை விற்று அணை கட்டினார் என்பது ஊரார் நாவில் வாழும் கதை. கதையைச் சான்று கேட்டுச் சோதிப்பதால் நன்றி குறைந்துவிடாது. வயலுக்கு வரும் தண்ணீர் அவர் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அவ்வாறே, கல்கியின் பரஞ்சோதியை விரும்பிப் படிப்போம். சேக்கிழாரின் பரஞ்சோதியாரை வணங்கிப் படிப்போம். செப்பேட்டை எழுத்தெண்ணிப் படிப்போம். தேர்வுத்தாளில் மட்டும் ஒருவர் வரியை மற்றவர் கணக்கில் எழுதாதிருப்போம். அவ்வரிகளில் ஒன்று இடம் மாறினாலும், அதன்மேல் நிற்கும் சம்பந்தரும் நாவுக்கரசரும் இடம் மாறவேண்டி வரும்.