போத்தலுக்குள் ஒரு சகவாசம்

மாரி பிறந்து குளங்கள் வான்பாயும் நாள்களில், வயல் வரம்பின் ஈரப்புல்லில் பனையேறி மீன் செவுள் மூடிகளை ஊன்றி ஊர்ந்து செல்வதைச் சிறுபிராயத்திலேயே கண்டு பழகிய மட்டக்களப்பு மக்களுக்கு, காற்றைச் சுவாசிக்கும் மீன் ஓர் அதிசயமன்று. 1791இல் தரங்கம்பாடியில் அதனைப் பனைமரத்தின்மீதே கண்டதாக டால்டோர்ஃப் என்னும் டேனிஷ் படையதிகாரி எழுதியபோது, திகைத்தவர்கள் ஐரோப்பியப் பண்டிதர்களே. அப்பனையேறிக்குத் தாயாதி முறையானதுதான், ஹோர்லிக்ஸ் போத்தல்களில் வாலை விரித்து நிற்கும் ‘பைட்டர்’ மீன். சீயத்து வயல்நீரில் பிறந்த அதனை 2019இல் தாய்லாந்து அரசு தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகப் பிரகடனஞ் செய்தது.

பிராணவாயு குன்றிய நீரிலும் உயிர்தரிக்கும் மீனாதலின், அழுக்கு நீரிலும் அது சுகமாயிருக்கும் என்று முடிவுகட்டி, ஒரு போத்தலே போதுமென எண்ணுவோர் பலர். அப்போத்தலிலேயே துணைக்கு ஆபிரிக்கக் கொங்கோப் பிரதேசத்துக் குள்ளத் தவளையையும் இடுவோர் சிலர். ஒன்றரை அங்குலமளவே வளர்ந்து, ஆயுள் முழுவதும் நீரிலேயே கிடக்கும் அந்தச் சாதுவான ஜந்து, நுரையீரல் கொண்டு சுவாசிப்பதால் அடிக்கடி மேலெழுந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிச் செல்லும். இவையிரண்டும் சண்டையிடுமோ என்றே எல்லோரும் வினவுகின்றனர். என் அபிப்பிராயத்தில் அது இரண்டாந்தரமான வினா. மீனின் சுபாவம் மீனுக்கு மீன் வேறுபடும். தவளைக்கு உண்மையில் யமனாய் வருவது பசியே. பார்வை மந்தமான தவளை, மணத்தையும் நீரின் அசைவையும் கொண்டு இரையைத் தேடித் தடவி அணுகுமுன்னே, மீன் அதனை விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் காத்து நிற்கும். இவ்விதம், நாள்தோறும் இரையிடும் வீட்டிலேயே ஒன்று மெலிந்து மடிய, மற்றது மிதமிஞ்சி உண்டு வயிறு வீங்கும். மீனுக்கு ஒரு மூலையில் முதலில் இரையிட்டு, பின்னர் நீண்ட சொட்டுக்குழாயால் தவளையின் முகத்தருகே இரத்தப்புழுவை விடுவதே தக்க உபாயம். நுளம்புக் குடம்பி இரண்டுக்கும் அமிர்தந்தான். ஆயினும் அதனை முற்றத்து வாளியில் பெருக்க முற்பட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் வந்து நிற்பார்.

அந்நிய தேசத்துப் புத்தகங்கள் நீரைச் சூடாக்கும் கருவியை வாங்கச் சொல்லும். கச்சான் காற்று அனல்போல் வீசும் நமது ஊரிலோ கவலை நேர்மாறானது. ஜன்னலோரச் சிறு போத்தல் விரைவிற் சூடேற, கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவின் நச்சு வீரியமும் உடன் ஏறும். நீரை ஊடுருவவிடும் தோலையுடைய தவளையே அதன் உபத்திரவத்தை அதிகம் அனுபவிக்கும். நிழலில் வைத்த, மூடியுள்ள, உயரம் குறைந்து அகலம் மிகுந்த, 40 லீற்றரளவு கொள்ளும் தொட்டி இல்லாதவர்கள், மீனோடு திருப்தியுறுவதே உத்தமம்.

சலித்துப்போனால் வாவியில் விட்டுவிடலாமே என்பாருமுண்டு. மாரி வெள்ளத்தால் உவர்ப்புத் தணிந்த வாவியோரங்களும் அருகிலுள்ள குளங்களும் அந்நியத் தவளைக்கு இடங்கொடுக்கக் கூடும். அதனினும் பெரிய அபாயம், 1999இல் விஞ்ஞானிகள் பெயரிட்ட தோற்பூஞ்சணம்; உலகெங்கும் தவளையினங்களை அழித்துவரும் அந்நோய், வியாபாரத்தில் வரும் இக்குள்ளத் தவளைகளிலும் காணப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் வாழும், அவற்றுட் பெரும்பாலானவை வேறெங்குமில்லாத தீவு இது. ஆதலால், வேண்டாத தவளையை விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதும், தொட்டியின் பழைய நீரை வாய்க்காலில் ஊற்றாது வெயில் காயும் மணல் முற்றத்தில் ஊற்றி வற்றவிடுவதும், பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அவசியம். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் இத்தவளைகளின் தொட்டி நீரால் சல்மனெல்லா நோய் பரவியபோது, பெரும்பாலும் பீடிக்கப்பட்டோர் சிறு குழந்தைகளே.