ஜிகினா மெல்ல விழ என்ன வழி?

தண்ணீரில் ஒரு சிட்டிகை ஜிகினாத் தூளைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். பாதி மேலே படலமாக மிதக்கும். மீதி மடமடவென்று அடியில் போய் உட்கார்ந்துவிடும். கடையில் விற்கும் பனி உருண்டைக்குள் மட்டும் அதே தூள் அவசரமே இல்லாமல் ஆடி அசைந்து இறங்குகிறது. அந்த நிதானத்தை வீட்டிலேயே வரவழைக்க முடியும். அதற்குக் கைத்திறனைவிடக் கொஞ்சம் இயற்பியல்தான் அதிகம் தேவை.

அமெரிக்கக் கைவினைக்காரர்களிடையே பிரபலமான 'ஸ்நோ குளோப் டம்ளர்' இந்த உருண்டையின் பேரப்பிள்ளை. மூடியும் ஸ்டிராவும் வைத்து, குளிர்பானத்துக்கென்றே விற்கிற இரட்டைச் சுவர் அக்ரிலிக் டம்ளர் அது. அதன் அடியில் சிறு துளை போடுவார்கள். இரண்டு சுவர்களுக்கும் இடையே உள்ள காலி இடத்தில் ஜிகினாவையும் கிளிசரின் கலந்த தண்ணீரையும் ஊற்றி, அடைப்பான் செருகி, அதன்மேல் எபாக்ஸி பூசுவார்கள். உள்ளே கோல்டு காபி, சுற்றிலும் மினுமினு மழை.

தாத்தா பிறந்த ஊர் வியன்னா. அங்கே அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்ஸி என்ற மெக்கானிக், 1900 வாக்கில் மின்விளக்கின் மங்கிய வெளிச்சத்தைக் கூட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவர்கள் அந்நாளில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை மெழுகுவர்த்திக்கு முன்னால் வைத்து ஒளியைக் குவிப்பார்கள். அதே போன்ற உருண்டைக்குள் ஒளியைச் சிதறடிக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார் பெர்ஸி. ஒரு முறை போட்டது ரவை. வெளிச்சம் கூடவில்லை, ஆனால் பனி பெய்தது. உள்ளே மரியாசெல் தேவாலயத்தின் குட்டி உருவத்தை வைத்தார், வியாபாரம் பிடித்துக்கொண்டது. இது அவர் குடும்பத்தார் சொல்லிவரும் கதை. அவர்கள் இன்றும் வியன்னாவில் அதே தொழிலில்தான் இருக்கிறார்கள். பனித்தூள் எதனால் ஆனது என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை. ரவையாக இருக்க வாய்ப்பில்லை. ஊறிய ரவை என்ன கதி ஆகும் என்பது உப்புமா கிண்டுகிற எவருக்கும் தெரியும்.

பெர்ஸிக்குத் தற்செயலாக வாய்த்ததைக் கணக்காக எழுதிவைத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1851இல் வெளியான அவருடைய சூத்திரப்படி, திரவத்தில் விழும் சிறு துகளின் வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: துகளின் பருமன், துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு, திரவத்தின் பாகுநிலை. இதில் பருமனுக்கு இருமடிச் செல்வாக்கு. துகள் பாதியாகச் சிறுத்தால் வேகம் கால்வாசிதான். சூத்திரம் கோள வடிவத் துகளுக்கானது. ஜிகினாவோ தட்டையான அறுகோணச் செதில். அதனால் எண்கள் அப்படியே பொருந்தாது, போக்கு பொருந்தும். பெரிய நட்சத்திர வடிவங்களை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு 'ஏன் சட்டென்று விழுகிறது' என்று கேட்பவர்களுக்கான பதில் இங்கேயே இருக்கிறது.

கிளிசரின் இரண்டு விதத்தில் உதவுகிறது. ஜிகினாவின் உடல் பெட் பிளாஸ்டிக், அடர்த்தி சுமார் 1.38. தண்ணீருக்கு 1, கிளிசரினுக்கு 1.26. ஆக, கிளிசரினில் துகளின் எடையில் பெரும்பகுதியைத் திரவமே தாங்கிக்கொள்கிறது. கூடவே பாகுநிலையும் ஏறுகிறது. 20 டிகிரியில் சுத்தமான கிளிசரினின் பாகுநிலை தண்ணீரைப் போல் சுமார் 1,400 மடங்கு. ஆனால் இந்த ஏற்றம் சீரானதல்ல. எடையில் பாதிக்குப் பாதி கலந்தால் வெறும் 6 மடங்கு. 80 சதவீதத்தில் 60 மடங்கு. 90ஐத் தொட்டால் 200ஐத் தாண்டிவிடும். 'எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு' என்று ஒரே அளவை எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். பாதிக்குப் பாதியில் தொடங்கி, தனி பாட்டிலில் உங்கள் ஜிகினாவையே போட்டுப் பார்த்து, வேகம் பிடித்த பிறகு டம்ளருக்குள் ஊற்றுவதே நல்லது. கிளிசரின் கனமானது என்பதால் டம்ளருக்குள்ளேயே கலக்க முயன்றால் அடியில் தங்கிக் கோடுகோடாகத் தெரியும்.

வெப்பமும் இதில் விளையாடும். பாதிக்குப் பாதிக் கலவை 0 டிகிரிக்கு இறங்கும்போது அதன் பாகுநிலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. உள்ளே ஐஸ் போட்டால் வெளியே மழை மெதுவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனி வம்புகள். ஜிகினா தண்ணீரைவிடக் கனமாக இருந்தும் மிதப்பதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு போதும், மூழ்கிவிடும். கட்டிகட்டியாகச் சேர்வதும் நிற்கும். இரண்டு மூன்று சொட்டு விட்டால் நுரை கிளம்பும், அது எளிதில் அடங்காது. நிறம் கரைகிறதென்றால் ஜிகினா மட்டமானது: பிளாஸ்டிக், அதன்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதற்கும் மேல் சாயம். அந்தச் சாயம்தான் ஓடுகிறது. திரவம் கலங்கினால் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நீர்த்த கிளிசரின் நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். காய்ச்சும்போது கரைந்திருக்கும் காற்றும் வெளியேறிவிடும்.

ஒழுகல் வேறு கதை. கிளிசரின் பட்ட இடத்தில் எபாக்ஸி பிடிக்காது. உடனே ஸ்பிரிட்டையோ சானிடைசரையோ எடுத்துத் துடைக்கத் தோன்றும். அங்கேதான் காரியம் கெடும். துளையிட்டதால் அக்ரிலிக் அந்த இடத்தில் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கிறது. ஆல்கஹால் பட்டதும் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் நாலாபுறமும் ஓடும். ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டாலே போதும். அடைப்பான் சிலிக்கானாக இருந்தால் எபாக்ஸி அதில் ஒட்டாது. சுற்றியுள்ள அக்ரிலிக்கையும் சேர்த்து மூடும்படி பூச வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிக டம்ளர்களுக்கு ஆபத்து ஓர் ஆசையால் வருகிறது: மேலே காற்றுக்குமிழியே இருக்கக் கூடாது என்ற ஆசை. சுவர்களுக்கிடையே 200 மில்லி திரவம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 டிகிரி அறையிலிருந்து எடுத்துப் போய், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கிறோம். 60 டிகிரி ஆகிறது. திரவம் 3 முதல் 4 மில்லி வரை விரியும். அக்ரிலிக்கும் விரியும், ஆனால் கொள்ளளவு கூடுவது அதில் பாதிதான். மிச்சம் எங்கே போகும்? திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குமிழி இருந்தால் அது சுருங்கி இடம் விடும். இல்லாவிட்டால் அடைப்பான் பிதுங்கும், அல்லது சுவர் வெடிக்கும். இரண்டு டீஸ்பூன் அளவு இடமாவது விட்டுத்தான் மூட வேண்டும். சூடான காபியை ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். கிளிசரின் குறைவான டம்ளரை ஃப்ரீசரில் வைப்பதும் அதே வினை: உறையும் தண்ணீர் 9 சதவீதம் வீங்கும்.

உடைந்தால் அந்தத் திரவம் குடிக்கிற பானத்தோடு கலக்கும் என்பதை மறக்க வேண்டாம். மருந்துத்தரக் கிளிசரின் தின்பண்டங்களிலும் சேர்வதுதான். ஆனால் அதோடு பார்வைக்கு வேறுபாடே தெரியாத டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. 1986இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் அது கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தார்கள். விலை மலிவென்று தொழிற்சாலைத் தரத்தில் கேன் வாங்காதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் டம்ளரில் எதையுமே நிரப்பாமல் விடுவது மேல் என்பேன். 2017இல் அமெரிக்காவில், திரவ ஜிகினா நிரப்பிய செல்போன் உறைகள் ஏறத்தாழ 2,63,000 திரும்பப் பெறப்பட்டன. கசிந்த திரவம் தோலைப் புண்ணாக்கியதாகப் புகார்.

உருண்டையாகச் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெர்ஸி நினைத்தபடி ஒளியைக் குவிக்கும் வேலையை அது இன்னும் செய்கிறது. வெயில் விழும் ஜன்னலில் வைத்தால் திரைச்சீலை பற்றிக்கொள்ளலாம். 2008இல் அமெரிக்காவில் ஒரு பனிமனித உருண்டை இதற்காகவே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

கலவை சரிவராவிட்டால் சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள். ஜிகினா ஒவ்வொன்றும் நுண்பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையை 2023 அக்டோபரிலிருந்து தடுத்திருக்கிறது. வேட்டித்துணியை நான்காக மடித்து வடிகட்டினால் தூள் மொத்தமும் மேலே நின்றுவிடும். அலசிக் காயவைத்து அடுத்த டம்ளருக்குப் போட்டுக்கொள்ளலாம்.