உங்களுக்குத் தெரியுமா? மார்க்கை மாற்றும் மாயக்கோடு!

பத்துக்குப் பத்து வாங்கினால் நூறு சதவீதம்தானே? அதுதான் இல்லை! சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சிஜிபிஏ முறை இருந்த காலத்தில், சதவீதம் காண அந்தப் புள்ளியை 9.5-ஆல் பெருக்கச் சொன்னார்கள். முழுசாகப் பத்து வாங்கிய பிள்ளைக்கும் 95 சதவீதம்தான்!

ஜெர்மன் பள்ளியில் 1 வாங்கினால் வீட்டில் பாயசம். எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தில் 1 வாங்கினால் முதுகில் டின்! அங்கே உச்ச மார்க் 6.

மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பும் பிள்ளைகளைக் கேளுங்கள், பவேரியச் சூத்திரத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். முழு மார்க்கில் உங்கள் மார்க்கைக் கழியுங்கள். அதே முழு மார்க்கில் பாஸ் மார்க்கையும் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். ஜெர்மன் கிரேடு ரெடி! நூற்றுக்கு 70, பாஸ் மார்க் 50 என்றால் 2.8. அதே 70, பாஸ் மார்க் 40 என்றால்? 2.5! அங்கே எண் குறையக் குறையத்தான் கெத்து. ஆக, பாஸ் மார்க்கைத் தாழ்த்தி வைத்த கல்லூரிப் பிள்ளைக்கு அடித்தது யோகம்!

நெதர்லாந்தில் இன்னும் வேடிக்கை. வாங்கிய புள்ளியை மொத்தப் புள்ளியால் வகுத்து, 9-ஆல் பெருக்கி, மேலே ஓர் எண்ணைக் கூட்டுவார்கள். அந்த எண்ணை முடிவு செய்வதே பரீட்சை முடிந்த பிறகு! அது 1 என்றால், வெறும் தாளைக் கொடுத்தவருக்கும் மார்க் 1. பாதி சரியாக எழுதியவருக்கு 5.5!

நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கும் சளைத்ததல்ல. மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் மார்க் 100, வேறு போர்டில் முதல் மார்க் 90 என்றால் இரண்டும் ஒன்று! அந்தப் போர்டில் 60 வாங்கியவருக்குக் கிடைப்பது 66.66!

எல்லாம் ஒரே வித்தைதான். இரண்டு முனையைக் கட்டிவிட்டு, நடுவே நேர்கோடு. பாடப்புத்தகத்தில் இதன் பெயர் நேரியல் இடைச்செருகல்!

பரணில் பழைய லாக் புக் (மடக்கை அட்டவணை) கிடக்கிறதா? தூசி தட்டி, வலது ஓரத்து ‘மீன் டிஃபரன்ஸ்’ கட்டங்களைப் பாருங்கள். அதே கோடு! 2.34-க்கு 3692. அடுத்த இலக்கம் 5-க்கு ஓரக் கட்டத்தில் 9. கூட்டினால் 2.345-க்கு 3701!