படகுதான் வீடு... ரிப்பேர் வந்தால் யாரை நம்புவது? இங்கிலாந்து கால்வாய்வாசிகளின் மெக்கானிக் வேட்டை

லண்டனில் வேலை. ஆஃபர் லெட்டர் கையில். ஆனால் ஒரு படுக்கையறை ஃபிளாட்டுக்கு என்ன வாடகை என்று கேட்டதும் தலை சுற்றுகிறது. அப்படி நிற்பவர்களில் சிலரின் கண்ணில் படுவது, ஊருக்கு நடுவே போகும் கால்வாயும், அதன் கரையில் வரிசையாகக் கட்டிப் போட்டிருக்கும் நீளமான படகுகளும். ஜன்னலில் பூந்தொட்டி, கூரையில் சைக்கிள், புகைபோக்கியில் லேசாகப் புகை. ‘இதையே வாங்கி வீடாக்கிட்டா என்ன?’ என்று யோசித்து, வாங்கியும் விடுகிறார்கள்.

முதல் குளிர்காலம் வருகிறது. ஒருநாள் காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. குளிர்காலத்தில் சோலார் பேனல் பேருக்குத்தான் இருக்கும். எஞ்சின் ஓடினால்தான் பேட்டரியில் சார்ஜ் ஏறும். பேட்டரி இருந்தால்தான் விளக்கு, தண்ணீர் பம்ப், போன் எல்லாம். சரி, யாரைக் கூப்பிடுவது?

இங்கேதான் ஆரம்பிக்கிறது சிக்கல்.

வீடும் இதுதான், வண்டியும் இதுதான்

இந்தப் படகுகளுக்கு ‘நேரோபோட்’ என்று பெயர். அகலம் 7 அடிக்குள், நீளம் அதிகபட்சம் 72 அடி வரை. 18-ம் நூற்றாண்டில் சரக்குப் போக்குவரத்துக்காகக் கால்வாய் வெட்டியபோது, மேடு பள்ளங்களைத் தாண்டுவதற்கு ‘லாக்’ எனப்படும் தண்ணீர்ப் படிக்கட்டுகளைக் கட்டினார்கள். பல கால்வாய்களில் அவற்றின் அகலம் 7 அடி சொச்சம். அதனால்தான் படகும் இப்படி ஒல்லி. ஆலப்புழா படகுவீடு மாதிரி சமையல்காரரும் ஓட்டுநரும் சேர்ந்து வரமாட்டார்கள். ஓனர், டிரைவர், கிளீனர் எல்லாம் ஒரே ஆள்தான்.

அந்த 7 அடிக்குள் டீசல் எஞ்சின், 12 வோல்ட் மின்சாரம், சமையல் கேஸ், தண்ணீர்த் தொட்டி, விறகும் கரியும் எரிக்கும் அடுப்பு, கழிவறை என்று எல்லாமே இருக்கிறது. எல்லாவற்றையும் தாங்கி நிற்பது துருப்பிடிக்கக்கூடிய ஓர் எஃகுத் தகடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைத்தொழில்காரர் வேண்டும். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் கிடைப்பது அபூர்வம். ‘எல்லாத்தையும் நான் பார்த்துக்குறேன்’ என்று சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012-லிருந்து பராமரிப்பது ‘கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை. நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் வாங்க முடியாதவர்கள் ‘தொடர்ந்து பயணிப்பவர்’ என்ற வகையில் லைசென்ஸ் எடுக்கிறார்கள். 1995-ம் வருட சட்டப்படி, இவர்கள் ஓர் இடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. அதாவது, ‘நம்ம ஏரியா மெக்கானிக்’ என்று ஒருவரே இருக்க முடியாது. தெருமுனை ஆளைப் பழக்கம் பிடித்து, நம்பிக்கை வருவதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

எஞ்சின் கெட்டுப் படகு நகரவே முடியாவிட்டால்? முதல் போன் மெக்கானிக்குக்கு என்றால், இரண்டாவது போன் அறக்கட்டளைக்கு. பழுது என்று முன்கூட்டியே சொன்னால் கூடுதல் நாட்கள் கேட்க வழி இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு விளக்கம் கொடுப்பது கஷ்டம். வீட்டையே இழக்கும் அளவுக்கு லைசென்ஸ் பிரச்சினை போகலாம் என்பதால் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். கால்வாய்க்குத் தெருப்பெயர், கதவிலக்கம் கிடையாது. பாலங்களுக்கு நம்பர் உண்டு. ‘எந்தப் பாலத்துக்கும் எந்தப் பாலத்துக்கும் நடுவுல நிக்குறீங்க? வேன் எதுவரைக்கும் வரும்?’ என்பதுதான் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி. புதியவர்கள் திருதிருவென்று முழிப்பது இங்கேதான்.

போர்டு மாட்டினால் மெக்கானிக்கா?

கிட்டத்தட்ட அப்படித்தான். படகு எஞ்சினைத் தொடுவதற்கு அரசு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ‘மரைன் இன்ஜினீயர்’ என்று வேனில் எழுதிக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. முப்பது வருஷ அனுபவம் உள்ள கில்லாடியும் இதே பெயரில்தான் இருக்கிறார். போன வருஷம்வரை வேறு வேலை பார்த்தவரும் இதே பெயரில்தான் வருகிறார்.

விதிவிலக்கு, கேஸ். ஒருவர் வசிக்கும் படகில் கேஸ் வேலை செய்பவர் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2009 ஏப்ரல் முதல் இருக்கும் பதிவேடு இது. அடையாள அட்டையைக் காட்டினார், சரி என்று விட்டுவிடக்கூடாது. அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். வீட்டு பாய்லரில் கைதேர்ந்தவருக்குப் படகு, சிலிண்டர் கேஸ் இரண்டுக்கும் தகுதி இருக்கும் என்று சொல்ல முடியாது. அட்டையில் உள்ள லைசென்ஸ் எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். காற்றைவிடக் கனமான இந்த கேஸ் கசிந்தால், படகின் அடிப்பகுதியில் போய்த் தேங்கும். மூடிய எஃகுப் பெட்டிக்குள் அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

புதியவர்கள் ஏமாறுவதில் முதலிடம் இதற்குத்தான். விற்பவர் ஒரு சான்றிதழை நீட்டுவார். ‘படகு பாதுகாப்புத் திட்டம்’ கொடுத்தது, 4 வருஷத்துக்குச் செல்லும், லைசென்ஸ் எடுக்க இது கட்டாயம். காருக்கு எஃப்.சி. பார்த்த மாதிரி என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார்.

அப்படி இல்லை. அந்தப் பரிசோதனை தீ, வெடிவிபத்து, நீர் மாசு போன்ற ஆபத்துகளைத்தான் பார்க்கிறது. டீசல் குழாய், கேஸ் இணைப்பு, காற்றோட்டம், கார்பன் மோனாக்சைடு அலாரம் (2019 ஏப்ரல் முதல் தங்கும் வசதியுள்ள படகுகளில் இது கட்டாயம்) இவையெல்லாம் அதில் வரும். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா, அடித்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அதில் வராது. சான்றிதழ் பத்திரமாக இருக்க, படகு மூழ்கலாம்.

தகட்டைப் பார்க்க வேண்டியவர் ‘சர்வேயர்’. படகைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கி, சுத்தியலால் தட்டியும் அல்ட்ராசோனிக் கருவி வைத்தும் தடிமன் அளப்பார். இன்று கட்டும் படகுகளில் பொதுவாக அடித்தகடு 10 மி.மீ., பக்கவாட்டு 6 மி.மீ., மேல்பகுதி 4 மி.மீ. தேய்ந்து 4 மி.மீ.க்குக் கீழே போன தகட்டைப் பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஏற்பதில்லை. அப்போது மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். படகு வாழ்க்கையில் பட்ஜெட்டையே கவிழ்க்கும் செலவுகளில் அது ஒன்று.

அதனால்தான் சர்வேயரை வாங்குபவரே தேடிப் பிடிக்க வேண்டும். விற்பவரோ புரோக்கரோ சிபாரிசு செய்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்கு அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்று ஒருமுறை யோசிப்பது தப்பில்லை. தடிமன் அளக்கும் பட்டறையே வெல்டிங்குக்கும் கொட்டேஷன் கொடுத்தால், அளவை இன்னொருவரிடம் சரிபார்ப்பது நல்லது. பழைய ஓனர் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி வாங்குவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அது அவருக்காக எழுதப்பட்டது. அதில் தப்பு இருந்தால் புது ஓனர் அந்த சர்வேயரிடம் போய்க் கேட்பது லேசில் நடக்காது. ஒய்.டி.எஸ்.ஏ., ஐ.ஐ.எம்.எஸ். போன்ற சர்வேயர் அமைப்புகளில் உறுப்பினரா, தொழில்முறை இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரா என்று கேட்டால் நல்ல சர்வேயர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘பேட்டரி மாத்தணும் சார்’

ஆளின் தரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வேண்டுமா? மின்சாரப் பழுதைச் சொல்லிப் பாருங்கள். ‘ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் லைட் மங்கிடுது’ என்று சொன்னதும், எதையும் அளக்காமல் ‘பேட்டரி மொத்தமும் போச்சு’ என்பவர் ஒரு வகை. மீட்டரை எடுத்து, ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுபவர் இன்னொரு வகை. முதல் வகையிடம் போனால் புது பேட்டரிகளும் சில மாதத்தில் செத்துப்போகும். ஏனென்றால் லெட்-ஆசிட் பேட்டரியைக் கொல்வதே அரைகுறை சார்ஜ்தான்.

இதற்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நிறைந்த பேட்டரி, எதுவும் ஓடாதபோது 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்தது. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சந்தேகம் சார்ஜ் செய்யும் பக்கம் திரும்ப வேண்டும். இந்த மூன்று எண்களைப் போனில் சொன்னாலே மறுமுனையில் பேச்சின் தொனி மாறும். ‘இவருக்குக் கொஞ்சம் தெரியும் போல’ என்பது ஒரு பாதுகாப்பு.

எதிர்த்திசையிலும் பயம் வேண்டாம். படகின் பின்னால், புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் பழைய பாணி சீல் உள்ள படகுகளில், ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது இயல்பு. கிரீஸ் பிடியை ஒரு திருகு திருகினால் நின்றுவிடும். முதல்முறை பார்ப்பவருக்கு ‘ஐயோ, மூழ்குது’ என்று தோன்றும். அந்தப் பதற்றத்தில் எடுக்கும் போனில்தான் தேவையில்லாத பில் பிறக்கிறது.

பக்கத்துப் படகில் எப்படிக் கேட்பது?

கரையோர நடைபாதையில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ‘நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா?’ என்று கேட்டால் ஏதோ ஒரு நம்பர் வரும். ‘நீங்க ரெண்டாவது தடவையும் கூப்பிட்ட ஆள் யாரு? என்ன வேலைக்கு?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. கால்வாயில் ஊர்ந்தபடி டீசல், கரி, கேஸ் சிலிண்டர் விற்கும் படகுகள் உண்டு. பல மைல்களுக்கு எல்லாப் படகையும் தெரிந்தவர்கள் அவர்கள். எந்த மெக்கானிக் சொன்ன நாளில் வருவார் என்று அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கார்களுக்கு இருப்பதுபோல் ஆண்டுச் சந்தா கட்டும் பிரேக்டவுன் சேவையும் இருக்கிறது. ‘ரிவர் கனால் ரெஸ்க்யூ’ அதில் பரவலாகத் தெரிந்த பெயர். ஊர் ஊராக நகர்பவருக்கு இது வசதி. எத்தனை முறை வருவார்கள், உதிரிபாகச் செலவு யாருடையது என்பதைச் சந்தா கட்டும் முன் படித்துவிட வேண்டும். அதோடு, ஆர்.ஒய்.ஏ. நடத்தும் ஒருநாள் டீசல் எஞ்சின் பயிற்சியும் இருக்கிறது. ஃபில்டர் மாற்றுவது, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது எல்லாம் கையால் செய்து பழகலாம்.

பணம் கொடுக்கும் முன்

நட்பாகப் பேசுகிறார் என்பதற்காக எழுத்தில் கேட்கக் கூச்சப்படுவதுதான் புதியவர்களின் பலவீனம். ‘சுமாரா இவ்ளோ ஆகும்’ என்பது மதிப்பீடு, கொட்டேஷன் வேறு. என்ன வேலை, என்ன பொருள், என்ன விலை, எப்போது முடியும் என்பதெல்லாம் ஒரு மெசேஜிலாவது இருக்க வேண்டும். அட்வான்ஸ் கேட்டால் உதிரிபாகத்துக்கு மட்டும் கொடுத்து, மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். ‘பக்கத்துல நின்னு பார்க்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர்களில் பலர் விளக்கிக்கொண்டே செய்வார்கள்.

பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். சரியில்லை என்றால் திரும்பச் செய்யச் சொல்லலாம், அது நடக்காவிட்டால் பணத்தைக் குறைக்கக் கேட்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974-ம் வருட சட்டத்தின் 75-வது பிரிவின்படி கார்டு நிறுவனத்தையும் கேட்க முடியும். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரையிலான தகராறுக்குச் சிறு வழக்கு நீதிமன்ற வழி இருக்கிறது. ரசீது இல்லாமல் கையில் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு இதையெல்லாம் நிரூபிப்பது பெரும்பாடு. படகை விற்கும்போதும் அந்த ரசீதுகள் விலை பேசும்.

கடைசியாக, அந்த ‘டக்’ சத்தம். ஸ்டார்ட்டர் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்து, மைனஸ் முனையை முதலில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டி இறுக்க வேண்டும். ஒரு ஸ்பேனர், கால் மணி நேரம். அப்புறமும் ‘டக்’தான் என்றால் மீட்டரில் வோல்ட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கரையில் இறங்கி நடந்து பாலத்தின் நம்பரைப் பார்த்துவிட்டு வந்து, அதன் பிறகு போனை எடுக்கலாம்.