இளைத்தபின் ஏற்ற வேண்டிய சுமை

கேமரன் மலையில் உடம்பு இளைத்தவரை ஊர் சும்மா விடாது. தானா ராத்தா கடைத்தெருவில் நாலு பேரைத் தாண்டுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும். "என்னம்மா, இப்படி வத்திப்போயிட்டே? உடம்புக்கு ஏதும் சீக்கா?" என்பார் ஒருவர். "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, இனிப்பு நீரா?" என்பார் அடுத்தவர். சோற்றைப் பாதியாக்கி, தே தாரிக்கை விட்டு, பல மாதம் பல்லைக் கடித்துப் பத்துக் கிலோ குறைத்தவர் பாராட்டை எதிர்பார்த்து வந்திருப்பார். கிடைப்பதோ பரிதாபம்.

ஊர் சொல்வதை ஒதுக்கிவிடலாம். கண்ணாடி சொல்வதை அப்படி ஒதுக்க முடிவதில்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, கைகள் சூம்பினாற்போல் இருக்கின்றன, முகம் ஐந்து வயது கூடித் தெரிகிறது. அடிவயிற்றுக் கொழுப்போ இன்னும் முழுசாகப் போகவில்லை. பத்துக் கிலோ அரிசிப் பையை வண்டியிலிருந்து இறக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. உடனே வீட்டில் ஒரு வைத்தியம் ஆரம்பமாகும்: காலையில் நாசி லெமாக், மாலையில் கெட்டியாக மைலோ, இரவில் இன்னொரு கரண்டி சோறு. எடை திரும்புகிறது. வலு மட்டும் திரும்புவதில்லை.

காரணம் எளிது. உடம்பு இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. பட்டினிபோல் சாப்பாட்டைக் குறைத்து, உடம்பை அசைக்காமல் எடை குறைப்பவர்களுக்குக் குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு என்பது மருத்துவ உலகின் பழைய பொதுக்கணக்கு. பத்துக் கிலோ போனால் இரண்டரைக் கிலோ. சிலருக்கு இதைவிட அதிகம். இழந்தது தசையும் கொழுப்பும். உழைப்பே இல்லாமல் வெறும் சாப்பாட்டால் திரும்ப வருவதோ பெரும்பாலும் கொழுப்பு. இரண்டு மூன்று முறை இளைத்துப் பெருத்தவர்கள், பழைய எடையிலேயே இருந்தும் முன்பைவிடச் சோர்வாக உணர்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மலேசியாவில் இளைக்க வேண்டிய தேவை உண்மையானதுதான், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். 2019 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு, இந்திய வம்சாவளியினரிடம் அது 31.4. தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரைப் பற்றிய எண் இது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. எதைக் குறைப்பது, எதைக் காப்பாற்றுவது என்ற இரண்டாம் பாதி, ஐந்து நிமிடச் சந்திப்பில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

புதிய ஊசிகள் வந்தபின் இந்த இரண்டாம் பாதி அவசரமாகிவிட்டது. வெகோவி, ஓசெம்பிக் என்ற பெயர்களில் விற்கப்படும் செமகுளுடைட் மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது. 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. அதில் பங்கேற்ற ஒரு சிறு பகுதியினரின் உடம்பைக் கதிர்வீச்சுக் கருவியில் அளந்து பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கொழுப்பல்லாத திசு என்று தெரிந்தது. ஊசி பசியை அடக்குகிறது. பசி அடங்கியவர் முதலில் தட்டிலிருந்து ஒதுக்குவது பல நேரம் மீனும் முட்டையும்தான். பலன் தரும் மருந்து அது, ஆனால் கூடவே எடைப்பயிற்சியும் புரதமும் எழுதித் தரப்பட வேண்டும்.

தமிழர்களுக்கு, பொதுவாகத் தெற்காசியர்களுக்கு, இன்னொரு சிக்கலும் உண்டு. 2004-ல் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அச்சுப் பிசகாமல் ஒன்றே: 22.3. உடலில் கொழுப்பின் அளவோ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. எடை பார்க்கும் இயந்திரத்தின் முன் இருவரும் ஒன்று, உள்ளே இரண்டு வேறு உடம்புகள். ஒல்லியாகத் தெரிபவருக்குள் கொழுப்பு கூடியும் தசை குறைந்தும் இருக்கும் இந்த அமைப்பு, பிறந்த குழந்தைகளிடமே தொடங்குவதை யாஜ்னிக்கின் குழு புனே வட்டாரக் கிராமங்களில் கண்டது. ஆரம்பத்திலேயே தசை குறைவாக உள்ள உடம்பு, எடை குறைப்பில் இன்னும் கொஞ்சத்தை இழந்தால் மிஞ்சுவது சொற்பம். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான் என்பதால், இது அழகைப் பற்றிய கவலையோடு நின்றுவிடுவதில்லை.

கேமரன் மலையில் இந்தப் பேச்சுக்குத் தனி அர்த்தம் உண்டு. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார், 1933-ல் பாரத் தோட்டம் வந்தது. அந்தச் சரிவுகளில் காட்டை வெட்டித் தேயிலை நட்டதிலும், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்ததிலும் தமிழர் உழைப்பு பெரும்பங்கு. முதுகில் பிரம்புக் கூடை, இடுப்பில் படுதா, ஈரமான சரிவில் வெறுங்கால். கூடை நிறைய நிறையச் சுமை கூடும். நிறைந்த கூடையோடு ஏறித்தான் நிறுவைக்குப் போக வேண்டும். நாள் முழுக்க ஏற்றம், இறக்கம், தூக்கல். அந்தப் பாட்டிமார் ஒல்லியாக இருந்தார்கள், ஆனால் யாரும் அவர்களை வலுவற்றவர்கள் என்று சொன்னதில்லை.

இன்றைக்குச் சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சரிவில் நிற்கும் பயணி பார்ப்பது வேறு காட்சி. செடி வரிசையின் இரு பக்கமும் இருவர் வெட்டும் இயந்திரத்தைப் பிடித்து நகர்கிறார்கள். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் இழுபடும் நீளப் பையில் போய் விழுகிறது. இயந்திரம் போக முடியாத இடத்தில் பை பொருத்திய கத்தரி. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கூடை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கடையிலும் தங்குவிடுதியிலும் அலுவலகத்திலும் இருக்கிறார்கள், அல்லது ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். பாட்டியின் சாப்பாடு மட்டும், அதாவது சோறும் குழம்பும், வீட்டில் தங்கியது. அவர் தூக்கிய சுமை தங்கவில்லை.

அதற்காகப் பழைய தோட்ட வாழ்க்கையை உடற்பயிற்சிக் கூடம்போல் வருணிப்பது அநியாயம். கூலிக்கு உழைத்த அந்த உடம்புகளுக்கு ஓய்வும் கிடைக்கவில்லை, போதிய புரதமும் கிடைக்கவில்லை. வலி வந்தாலும் கூடையை இறக்கிவைக்க முடியாது. தசை வளர்வது சுமை தூக்கும் நேரத்தில் அல்ல. தூக்கியபின் சாப்பிட்டு, தூங்கி, ஓய்வெடுக்கும் நேரத்தில்தான். பாட்டிமாருக்கு மறுக்கப்பட்ட அந்தப் பாதி இன்று பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கிறது. அவர்களுக்கு இல்லாமல் போனது சுமைதான், அதை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

சுமை உண்மையிலேயே வித்தியாசம் செய்கிறதா? 2017-ல் அமெரிக்காவில் டென்னிஸ் வில்லாரியல் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. 65 வயதுக்கு மேற்பட்ட, உடல் பருமன் உள்ள 160 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழு உணவைக் குறைத்து நடை, சைக்கிள்போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி செய்தது. ஒரு குழு உணவைக் குறைத்து எடைப்பயிற்சி. ஒன்று இரண்டையும் சேர்த்து. ஆறு மாதத்தில் மூன்று குழுவிலும் எடை சுமார் 9 விழுக்காடு குறைந்தது. கொழுப்பல்லாத திசுவோ நடைக் குழுவில் 5 விழுக்காடு குறைந்தது, எடைப்பயிற்சிக் குழுவில் 2 விழுக்காடுதான். எழுந்து நிற்பது, படியேறுவது, பொருளைத் தூக்கி வைப்பது போன்ற அன்றாட வேலைகளில் அதிக முன்னேற்றம் கண்டவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள். தானா ராத்தாவில் நடைக்குக் குறைவில்லை, குனோங் ஜாசார் பாதையும் பாரிட் அருவிப் பாதையும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. நடப்பவர்கள் நடக்கட்டும். நடை மட்டும் போதாது என்பதுதான் செய்தி. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி செய்ய வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது.

ஜிம் வேண்டும் என்ற அவசியம் இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியை எடுத்து அதன் முதுகைச் சுவரோடு அண்டக் கொடுத்து வைக்கவும். உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, பாதங்களைத் தரையில் பதித்து, கையை ஊன்றாமல் எழுந்து முழுசாக நிமிர்ந்து நின்று மீண்டும் உட்கார வேண்டும். ஐந்து முறை. கடிகாரம் 12 நொடியைத் தொட்டால் அல்லது தாண்டினால் அது எச்சரிக்கை. ஆசிய நாடுகளின் தசைநலிவு வல்லுநர் குழு 2019-ல் வகுத்த அளவு அது. இந்தச் சோதனையே முதல் பயிற்சியும் ஆகும். பத்து முறை எழுந்து உட்கார்ந்து, ஓய்வெடுத்து, மறுபடி பத்து. அது சுலபமானதும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இடுப்பை மடக்கி முதுகை வளைக்காமல் பையைத் தரையிலிருந்து எடுப்பது, இரு கையிலும் கனமான பையோடு வீட்டுக்குள் நடப்பது என்று நாலைந்து அசைவுகள் போதும். எட்டிலிருந்து பன்னிரண்டு முறைக்குள் கடைசி இரண்டு கடினமாக இருக்க வேண்டும். அது சுலபமாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் இதன் உயிர்நாடி. பழைய கிரேக்கக் கதையில் குரோட்டன் ஊர் மைலோ என்ற மல்லன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் சுமந்தானாம்; கன்று வளர வளர அவன் வலுவும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினானாம். 1934-ல் ஆஸ்திரேலியாவில் உருவான மைலோ பானத்துக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்கள். அவன் வலு வந்தது கன்றைச் சுமந்ததால். குவளையில் கரைக்கும் மாவில் இனிப்பு நிறைய, புரதம் கொஞ்சம்.

முதல் சில வாரங்களில் கை, தொடை அளவு மாறாது. ஆனாலும் சுமை லேசாகத் தோன்றும்; நரம்புகள் இருக்கும் தசையை முழுசாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் எடை இயந்திரம் ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் பாடுபட்டு இளைத்தவருக்கு நெஞ்சு திக்கென்கிறது, உடனே சாப்பாட்டைக் குறைக்கிறார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இடுப்பளவு கூடாமல் எடை மட்டும் சற்றுக் கூடினால் பயப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டில் மாற வேண்டியது புரதத்தின் பங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அறுபது கிலோ உள்ளவருக்கு நாளுக்கு ஐம்பது கிராம். தசையைக் கட்ட முயல்பவர்களுக்கு 1.2 கிராம் அல்லது அதற்கு மேல் என்கிறார்கள் வல்லுநர்கள். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19. நெத்திலிச் சம்பல், வேகவைத்த கொண்டைக்கடலை, டோஃபு, கோழி, கெட்டித் தயிர் எல்லாம் இங்கே கிடைக்கின்றன, தெம்பேக்கு விலையும் குறைவு. பசியாறும் நேரத்தில் இரண்டு தோசையும் சட்னியும் மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தில் ஒரு முட்டையையோ கடலையையோ நுழைத்தாலே பாதி வேலை முடிந்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுபவர்கள் பயிற்சி தொடங்கும்போது கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை சட்டென இறங்கக்கூடும்.

ஒரு விஷயத்தில் கடைத்தெரு விசாரணைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். முயற்சியே செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அது எடைப்பயிற்சிக்கான சமாச்சாரம் இல்லை. காசநோய், தைராய்டு, கட்டுப்படாத இனிப்பு நீர், புற்றுநோய் என்று தேட வேண்டிய காரணங்கள் பல. தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹாஜா கால்சோம் அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே போக வேண்டும். எடைக் குறியீடு 18.5-க்குக் கீழே போனபின்னும் சாப்பிடப் பயப்படுபவர்களுக்கும் முதல் தேவை மருத்துவ உதவிதான்.

வயதானவர்கள் இதெல்லாம் இளசுகளுக்கு என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். 2024-ல் கோயம்புத்தூரில் நடந்த வலுதூக்கும் போட்டியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள் 50 கிலோ தூக்கிக் காட்டினார். ஜிம்முக்குப் போகும் பேரன்மார்தான் அவருக்குத் தூண்டுதல். அவரைப்போல் எல்லாரும் மேடையேற வேண்டியதில்லை. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்தார். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்த வலுவில் 32 விழுக்காடு இறங்கிவிட்டது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது.