நாலு சிபியு இருக்கு, ஆனா எந்த நாலு?

ஓடிக்கிட்டு இருக்கிற விர்ச்சுவல் மெஷினை ஆஃப் பண்ணாமலேயே அதுல புது சிபியு சேர்க்கலாம். இதுக்குப் பேர் சிபியு ஹாட்பிளக். கிளவுட் பாடத்தில் ஒரே வரியில் தாண்டிப் போயிருப்பீங்க. நானும் அப்படித்தான் போனேன், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல மாட்டிக்கிற வரைக்கும்.

என்ன நடந்ததுன்னு சொல்றேன். க்யூஎமுவில் ஒரு விஎம். 2 சாக்கெட், சாக்கெட்டுக்கு 3 கோர், ஆக அதிகபட்சம் 6 சிபியு. ஆரம்பத்தில் 3 மட்டும் ஆன். லோடு ஏறினதும் இரண்டாவது சாக்கெட்டில் ரெண்டு சிபியு சேர்த்தேன். பிறகு அதுல முதலாவதை எடுத்துட்டேன். மீதி 4. இன்னொரு கம்ப்யூட்டரில் 4 சிபியுவோட அதே விஎம்மைத் தயார் பண்ணி லைவ் மைக்ரேஷன் கொடுத்தேன். ஃபெயில்! மறுநாள் ரிவ்யூ வேற. இந்தப் பக்கமும் நாலு, அந்தப் பக்கமும் நாலு. அப்புறம் என்னதான் பிரச்சனை?

எண்ணிக்கை வேற, அடையாளம் வேற

நம்ம கிளாஸையே எடுத்துக்கோங்க. செகண்ட் இயர்ல லேட்டரல் என்ட்ரி நண்பர்கள் வந்தாங்க. அவங்க நம்பர் 301-ல் ஆரம்பிச்சது. 61 எங்கே, 62 எங்கேன்னு யாரும் தேடல. அந்த நம்பர் வரிசையில் எத்தனாவது ஆள்னு சொல்ல வந்தது இல்ல, யாருன்னு சொல்ல வந்தது. சிபியுவுக்கும் இதே கதைதான்.

எக்ஸ்86 கணினியில் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஏபிக் ஐடின்னு ஒரு எண் உண்டு. இன்டரப்ட் எந்த சிபியுவுக்குப் போகணும்னு இதை வெச்சுதான் முடிவாகுது. புது சிபியுவை எழுப்பும் சிக்னலும் இந்த முகவரிக்குத்தான் போகும்.

இந்த எண் 0, 1, 2, 3னு நேரா ஓடாது. சாக்கெட், கோர் எண்களை பைனரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இதை உருவாக்குறாங்க. 3 கோருக்கு 2 பிட் வேணும். ஆனா 2 பிட்டில் 4 இடம் இருக்கே? அந்த நாலாவது இடம் காலியாகவே கிடக்கும். அதனால முதல் சாக்கெட்டுக்கு 0, 1, 2. இரண்டாவது சாக்கெட்டுக்கு 4, 5, 6. என் விஎம்மில் 3ங்கிற ஏபிக் ஐடி எப்பவுமே கிடையாது!

இப்போ என் தப்பு புரியுதா? சோர்ஸில் மிச்சம் இருந்தது 0, 1, 2, 5. டெஸ்டினேஷனில் "4 சிபியு"ன்னு மட்டும் சொன்னதால் க்யூஎமு வரிசையா நிரப்பி 0, 1, 2, 4 கொடுத்தது. 5-ஆம் சிபியுவின் நிலையை இறக்கி வைக்க அங்கே இடமே இல்லை.

சேர்க்கும்போது இடத்தைச் சொல்லுங்க

2013-ல் வந்த க்யூஎமு 1.5-ல் சிபியு சேர்க்க "சிபியு-ஆட்"னு ஒரு கட்டளை இருந்தது. வெறும் ஒரு எண் கொடுத்தா போதும். இப்படிச் சேர்த்து நடுவில் ஓட்டை விழுந்தா, மறுபக்கம் அதே அமைப்பை உருவாக்க வழி இல்லை. 2016-ல் வந்த 2.7 பதிப்பில் "டிவைஸ்-ஆட்" மூலமா சாக்கெட், கோர், த்ரெட் மூணையும் சொல்லிச் சேர்க்கும் வசதி வந்தது. 5.2 பதிப்பில் பழைய கட்டளையைத் தூக்கிட்டாங்க.

எந்த இடம் காலின்னு நாம யூகிக்க வேண்டாம். க்யூஎமு மானிட்டரில் "இன்ஃபோ ஹாட்பிளகபிள்-சிபியுஸ்" கொடுத்தா எல்லா இடங்களையும் பட்டியல் போடும். அதில் இருப்பதை அப்படியே டிவைஸ்-ஆட்டில் கொடுக்கணும். இது ஏன் முக்கியம்னா, எல்லா மெஷினுக்கும் ஒரே கணக்கு இல்லை. பவர் பிசி சர்வர் வகையில் த்ரெட்டைத் தனியா சேர்க்க முடியாது, முழு கோராகத்தான் சேர்க்கணும்.

உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு?

புது சிபியு வந்ததை ஏசிபிஐ மூலமா கெஸ்ட் லினக்ஸ் தெரிஞ்சுக்கும். பிறகு அதுவே ஒரு நம்பர் வைக்கும். கவனம்! அந்த நம்பரும் ஏபிக் ஐடியும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. ப்ராக் டைரக்டரியில் உள்ள சிபியுஇன்ஃபோ ஃபைலைத் திறந்தா ஒவ்வொரு சிபியுவுக்குக் கீழேயும் ஏபிக் ஐடி இருக்கும். நம்ப வேண்டியது அதை.

இன்னொரு குழப்பமும் வரும். சிபியு சேர்த்தாச்சு, ஆனா கெஸ்ட்ல எண்ணிக்கை மாறவே இல்லை. லினக்ஸில் பாசிபிள், பிரசன்ட், ஆன்லைன்னு மூணு பட்டியல் உண்டு. வரக்கூடியது, வந்திருப்பது, வேலை செய்வது. பிரசன்ட்ல வந்தும் ஆன்லைன்ல வரலைன்னா, சிஸ் டைரக்டரியில் அந்த சிபியுவோட ஆன்லைன் ஃபைலில் 1 எழுதுங்க. பல டிஸ்ட்ரோக்களில் இது தானாகவே நடந்துடும்.

சரி, என் ப்ராஜெக்ட் என்ன ஆச்சு? டெஸ்டினேஷனை 3 சிபியுவோட ஆரம்பிச்சு, நாலாவதை "சாக்கெட் 1, கோர் 1, த்ரெட் 0"ன்னு ஸ்டார்ட் கட்டளையிலேயே தனியா குறிப்பிட்டேன். மைக்ரேஷன் ஒழுங்கா முடிஞ்சது. ரிவ்யூவும் தப்பிச்சது!

நீங்களும் 3 கோர் வெச்சு ஒரு விஎம் போட்டுப் பாருங்க. ஏபிக் ஐடி 3-ஐத் தேடுங்க. அது இல்லாததைக் கண்ணால பார்த்துட்டா இந்தப் பாடம் மறக்காது.