விசைமூடியும் சமநிலைக் கம்பியும்: கருவியை மொழிக்கு இசைவித்தல் பற்றிய ஒரு குறிப்பு

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் ஏட்டையும் எழுத்தாணியையும் குறிப்பிடுவர். அச்சியந்திரத்தையும் விதந்து பேசுவர். ஆயின், விரல் தொடும் விசையைப் பற்றி ஆராய்ந்தோர் மிகச் சிலரே. இலக்கியம் பயில்வோர்க்கு இது புறம்பான பொருள் என்று கருதப்படலாம். எழுத்தும் ஓர் உழைப்பு என்பதை ஏற்றுக்கொண்டால், அவ்வுழைப்பின் கருவியை ஒதுக்கிவைத்தல் இயலாது என்பது நமது கருத்தாகும்.

முதலில் பொறிநுட்பத்தை நோக்குவோம். இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஆளியும், அதன்மேல் கழற்றத்தக்க பிளாஸ்டிக் மூடியும் உண்டு. அடுத்தடுத்த இரு விசைகளின் மையங்களுக்கிடையிலான தூரம் பொதுவாக 19.05 மில்லிமீற்றர், இதுவே ஓர் அலகு. ஓர் அலகு அகலமான விசையை எப்பக்கம் அழுத்தினும் அது நேரே இறங்கும். ஆனால் இடைவெளி விசை போன்ற நீண்ட விசையை ஓரத்தில் அழுத்தினால், மறுமுனை மேலெழுந்து விசை சாய்ந்து சிக்கிக்கொள்ளும். இதனைத் தடுப்பதே 'ஸ்டெபிலைசர்' எனப்படும் சமநிலைக் கம்பி. இரு முனைகளையும் ஒரே கம்பி இணைப்பதால், ஒன்று தாழ மற்றையதும் உடன் தாழ்கின்றது.

சிக்கல் இங்குதான் தோன்றுகின்றது. மூடியின் அடியில் நடுத்தண்டுக்கு இருபுறமும் உள்ள தண்டுகள் கம்பியின் தாங்கிகளுடன் பொருந்த வேண்டும். 6.25 அலகு இடைவெளி விசையில் இவ்விரு தண்டுகளுக்குமிடையே 100 மில்லிமீற்றர். 7 அலகு விசையில் 114.3 மில்லிமீற்றர். ஆகவே ஒரு பலகையின் நீண்ட மூடி இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. 'செரி' வகையில் தாங்கியின் சிலுவை வடிவ முனை மூடியின் தண்டினுள் நுழையும். 'கோஸ்டார்' வகையிலோ மூடியிற் பொருத்திய சிறு கொளுவி கம்பியையே நேராகப் பற்றும். வகை மாறினும் மூடி பயன்படாது.

இதற்கான திருத்தம் எளிய கைவினையே. தூரம் சரியாயிருந்து தண்டு மட்டும் தடித்திருந்தால், அதன் வெளிப்புறத்தைச் சிறுகச் சிறுகச் சீவினாற் போதும். மிகச் சீவினால் விசை தளர்ந்து சலசலக்கும். தூரமே பிழையாயின், தண்டை அறுத்தெடுத்துப் பழைய மூடியொன்றின் தண்டை உரிய இடத்தில் ஒட்ட வேண்டும். அத்தண்டைத் தாங்கியிலேயே செருகி, பசையிட்டு, மேலே மூடியை வைத்தால் அளவுகோலாகப் பலகையே அமையும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அசெற்றோனிற் கரைவதால் அதன் சீவல்களையே பசையாக்கலாம், பி.பி.ரி. பிளாஸ்டிக்குக்கு இம்முறை உதவாது.

இத்தகைய இசைவித்தல் தமிழுக்குப் புதிதன்று. 1886இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, உரோம எழுத்துக்கென வடிவமைந்த தட்டச்சுப் பொறியைத் தமிழுக்கு இசைவித்தார். 247 எழுத்துகளை அப்பொறியின் சில டசின் விசைகளில் அடக்குவதற்கு அவர் கையாண்ட வழி நகரா விசை ஆகும். புள்ளியை அழுத்தும்போது உருளை நகராது. அடுத்து அழுத்தும் மெய்யுரு அவ்விடத்திலேயே பதியும். கையெழுத்தில் பின்வரும் புள்ளி பொறியில் முன்வந்தது. பொறி மொழிக்கு வளைந்தது. மொழியின் எழுதுமுறையும் பொறிக்கு ஓரளவு வளைந்தது. இவ்விரு திசை இயக்கமே நாம் மனங்கொள்ள வேண்டிய இயங்கியல்.

சம்மாந்துறை போன்ற ஊர்களின் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. அறபுத் தமிழை வளர்த்தோர் அறபு எழுத்துகளை அப்படியே ஏற்கவில்லை. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை அமைத்தனர். வந்த கருவியைத் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்ட மக்களின் செயல் அது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் தகாது. அறபுத் தமிழ் ஒரு சமூகத்தின் பொதுவுடைமையாயிற்று. முத்தையாவின் அமைப்பு ஜேர்மனியின் தொழிற்சாலையில் உருப்பெற்று அலுவலகங்களிற் பரவியது. கத்தியும் பசையும் கொண்டு ஒருவர் தம் மேசையிற் செய்யும் திருத்தமோ அவருடன் முடிந்துவிடும். அதனைப் புரட்சி என்று போற்றுதல் மிகையாகும். பொழுதுபோக்கு என்று இகழ்தலும் தவறாகும். அளவைத் தீர்மானிப்போன் ஒருவன், அவ்வளவுக்குள் உழைப்போன் வேறொருவன் என்னும் முரண்பாட்டை அத்திருத்தம் கையிலெடுத்துக் காட்டுகின்றது.

தமிழுக்கு இன்று நியமங்கள் இல்லாமலில்லை. தமிழகம் 1999இல் 'தமிழ் 99' விசைப்பலகையை அறிவித்தது. இலங்கையின் 2008ஆம் ஆண்டின் 1326ஆம் இலக்க நியமம் தமிழ்க் கணினிப் பயன்பாட்டுக்கென உள்ளது. ஆனால் நியமம் தாளில் இருப்பதும் தமிழெழுத்துப் பொறித்த மூடி மாணவனின் விரலடியில் இருப்பதும் ஒன்றல்ல. ஆங்கில மூடிமேல் ஒட்டிய தமிழ்த்தாள் நாளடைவில் உரிந்துவிடும்.

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உள்ளது. அங்கு பயில்வோரும் தமிழ்த்துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து, பழைய பலகைகளைத் திருத்தி, அளவுகளைப் பதிந்து யாவர்க்கும் வழங்குவாராயின், தனிமனிதனின் கைத்திறன் சமூக அறிவாக மாறும். நீண்ட விசையை நேராக இறக்குவது ஒரு முனையின் பலமன்று. இரு முனைகளையும் இணைக்கும் கம்பியே. அறிவுழைப்பையும் கையுழைப்பையும் இணைக்கும் கம்பியும் அவ்வாறே நமக்குத் தேவைப்படுகின்றது.